சாஸைக் கடைசியில் பூசுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிகழ்ச்சியை நடத்தும் தம்பி போன வாரம் போன் செய்து, “அக்கா, பாபிகியூ சாஸைப் பற்றி வந்து பேசுங்கள்” என்றபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வானொலி உரை என்றால் திருக்குறள், நீரிழிவு, எஸ்பிஎம் தேர்வு என்றுதான் நான் கேட்டுப் பழக்கம். “கோழிக்குப் பூசுவதைப் பற்றியா தம்பி?” என்றேன். “ஆமாம் அக்கா, போன தீபாவளிக்கு எங்கள் குடியிருப்புத் தாமானில் வந்து சுட்டீர்களே, அதைப் பற்றித்தான்” என்றார். சரி, வந்துவிட்டேன்.

நான் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தைக்காரி. 2007-இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சாலைப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது, எங்கள் வீட்டில் இன்னும் யார் வாயிலும் வரவில்லை. இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபத்திரண்டு வருடம் சிற்றுண்டிச்சாலை நடத்தினேன். நாசி லெமாக், மீ கோரெங், வியாழக்கிழமையானால் தோசை. அதை விட்ட பிறகு சும்மா இருக்க முடியாமல், பிறந்தநாள், புதுமனை புகுவிழா என்று யாராவது கூப்பிட்டால் கோழி, மீன் சுட்டுக் கொடுக்கப் போகிறேன். எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் பாதியாக வெட்டி, கால் வைத்து வெல்டிங் செய்த அடுப்பு இரண்டு இருக்கிறது. அதுதான் என் தொழிற்சாலை.

சாஸ் என்ற சொல்லே தெரியாத காலத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கம் தோட்டங்களுக்குப் பேர் போன பக்கம். மலேசியாவிலேயே வியாபாரத்துக்கென்று செம்பனை முதன்முதலில் நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. நட்டது 1917-இல். பெயரில் தென்னை, காட்டில் செம்பனை! ஆனால் நான் பிறந்தது கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்து லயத்தில். அப்பாவுக்குப் புகைக்கொட்டகையில் வேலை. பாலை உறையவைத்து, உருளையில் தகடாக அழுத்தி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கித்தா விறகு எரித்துப் புகை போடுவார்கள். பழுப்பு நிறத்தில் கண்ணாடி மாதிரி ஆகும் வரை சில நாள் உள்ளேயே கிடக்கும். அப்பா வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் அவருடைய சட்டை வாசனை வரும்.

அந்த வேலையில் அவர் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் நான் இன்றைக்கும் வைத்துப் பிழைக்கிறேன். விறகு ஈரமாக இருந்தாலோ காற்று போதாமல் போனாலோ வெள்ளையாகக் கட்டிப் புகை வரும். “அது கெட்ட புகை, கண்ணைக் கசக்கும், நாக்கில் கசக்கும்” என்பார். நன்றாகப் பிடித்த நெருப்பில் புகை இருப்பதே தெரியாது, லேசாக நீலம் ஓடும். வீட்டில் மீன் சுட்டாலும் அந்த நீலம் வரும்வரை என் அம்மாவை மீனைப் போட விடமாட்டார். அம்மா பசியில் முறைத்துக்கொண்டு நிற்பார்.

மீன் என்றால் பெரும்பாலும் கெம்போங், இல்லாவிட்டால் கருவாடு. தணலில் நேராகப் போட்டுச் சுட்டு, அம்மிக்கல்லின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினால் சாம்பல் உதிரும். பக்கத்தில் எனாமல் கோப்பையில் புளித்தண்ணீர். சின்ன வெங்காயத்தைத் தோலோடு அதே தணலில் போட்டுச் சுட்டு, உரித்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, கையாலேயே புளித்தண்ணீரில் நசுக்கிவிடுவார். மீனைப் பிய்த்து அதில் தோய்த்துச் சோற்றோடு சாப்பிட வேண்டும். அதற்குப் பெயர் கிடையாது. “அந்தத் தண்ணியைக் கொஞ்சம் ஊத்து” என்போம், அவ்வளவுதான். பிறகு நான் ருசி பார்த்த ஒவ்வொரு சாஸையும் அந்தக் கோப்பையோடு ஒப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன்.

பாட்டிலில் அடைத்த பாபிகியூ சாஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது என் தம்பியால். எண்பதுகளில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் இவனும் கான்சாஸ் மாநிலத்துக்குப் போனான். லீவு நாளில் நண்பர்களோடு கார் பிடித்து கான்சாஸ் சிட்டிக்குப் போய்ச் சுட்ட இறைச்சி சாப்பிடுவார்களாம். கடிதத்தில் பாடத்தைப் பற்றி நாலு வரி, சாப்பாட்டைப் பற்றி இரண்டு பக்கம்.

அந்த ஊர்க் கதை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் உண்டு. அங்கே இந்தத் தொழிலுக்குத் தகப்பன் என்று சொல்லப்படுகிறவர் ஹென்றி பெர்ரி என்ற கறுப்பினத்தவர். 1908 வாக்கில் துணி ஆலைகள் இருந்த பகுதியில், ஒரு சந்தில் கடை போட்டு, புகையில் வெந்த இறைச்சியைத் தொழிலாளர்களுக்குச் செய்தித்தாளில் மடித்து விற்றார். சந்துக்கடை, கூலிக்காரர்கள், பேப்பர் பொட்டலம். எனக்கு அது நம் தோட்டத்து வாசலில் சம்பள நாளன்று கூடும் கடைகள் மாதிரியே இருந்தது. பெர்ரியின் சாஸ் இனிப்பே இல்லாமல் காரமும் கடுப்புமாக இருக்குமாம். அவரிடம் வேலை பார்த்த சார்லி பிரையன்ட் பிறகு கடையை எடுத்து நடத்தினார். அவருக்குப் பின் அவருடைய தம்பி ஆர்தர். அந்தக் கடை சாஸும் வினிகரும் மிளகாய்ப் பொடியுமாக நாக்கில் நறநறவென்று இருக்கும் என்று என் தம்பி எழுதினான்.

அப்படியென்றால் பாபிகியூ சாஸ் என்றதும் நமக்கெல்லாம் ஞாபகம் வருகிற, கறுப்பாக, கெட்டியாக, ஜாம் மாதிரி இனிக்கிற சரக்கு எங்கிருந்து வந்தது? அதே ஊரிலிருந்துதான், ஆனால் ரொம்பப் பின்னால். 1977-இல் ரிச் டேவிஸ் என்ற மனநல மருத்துவர், ஆமாம், குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவர், தக்காளியும் கரும்புப் பாகும் சேர்த்துக் கெட்டியாக ஒரு சாஸ் செய்து விற்க ஆரம்பித்தார். பிறகு அது கேசி மாஸ்டர்பீஸ் என்று பேர் பெற்றது. அது அமெரிக்கா முழுக்கப் பரவி, பாபிகியூ சாஸ் என்றாலே இனிப்பு என்று ஆகிவிட்டது. இன்றைக்கு நம் பேரங்காடித் தட்டில் இருக்கும் பாட்டில்களில் பாதி அந்த ருசியின் பேரப்பிள்ளைகள்.

தம்பி படிப்பு முடிந்து வரும்போது அந்த மாதிரி நாலு பாட்டில் கொண்டுவந்தான். இப்போது என் மானம் போன கதை.

பெரியப்பா மகன் தாமானில் வீடு வாங்கிக் குடி போனான். நான் கோழி சுட்டுத் தருவதாக வாய் விட்டுவிட்டேன். நாற்பது கோழித்தொடை. முந்தைய நாள் இரவே நாலு பாட்டிலையும் கவிழ்த்து ஊறவைத்தேன். மறுநாள் தணல் நன்றாகச் சிவந்ததும் ஒரே வரிசையாக அடுக்கினேன். மூன்று நிமிடம் ஊர் முழுக்க மணந்தது. ஐந்தாவது நிமிடம் தோல் பழுப்பு. ஏழாவது நிமிடம் கறுப்பு. புகை வெள்ளையாகத் திரண்டது. அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. ஒரு தொடையை எடுத்து வெட்டினால் எலும்பை ஒட்டி ரத்தம். பெரியம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கோழிக்குத் தாரா பூசியிருக்கே?” என்று கேட்டார். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் எல்லாவற்றையும் தோல் உரித்துக் குழம்பில் போட்டோம்.

அன்று ராத்திரி தம்பி சொன்னான்: “அக்கா, அங்கே யாரும் இப்படித் தணலுக்கு நேர் மேலே வைக்கமாட்டார்கள். நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம், மூடியைப் போட்டுப் புகையிலேயே மணிக்கணக்காக வேகவைப்பார்கள்.”

“இதைக் காலையிலே சொல்லக் கூடாதாடா?”

“நீ கேட்கவே இல்லையே அக்கா.”

அதற்குப் பிறகுதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. அவர்கள் புகையடுப்பின் சூடு சுமார் 107 டிகிரி செல்சியஸ், கொஞ்சம் கூடலாம். நாம் போடும் தணலுக்கு மேல் கம்பி வலை அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலே போகும். சீனி 160, 170 டிகிரியைத் தாண்டினால் பாகு நிறம் மாறி, பிறகு கருகிக் கசக்கும். தேன், பழச்சாறு சேர்ந்தது என்றால் இன்னும் சீக்கிரம். சாஸில் இருக்கும் தண்ணீர் வற்றும்வரை தோலின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, அதனால் முதலில் ஒன்றும் ஆகாதது போல் தெரியும். தண்ணீர் போன அடுத்த நிமிடம் சீனி தனியாக மாட்டிக்கொள்கிறது. அன்று மூன்றாவது நிமிடத்துக்கும் ஏழாவது நிமிடத்துக்கும் நடுவே எனக்கு நடந்தது அதுதான். கோழியோ எலும்பு வரைக்கும் 74 டிகிரி ஏறினால்தான் பயமில்லாமல் சாப்பிடலாம். அதற்குத் தொடைக்கு அரை மணிக்கு மேல் வேண்டும்.

ஆகவே சாஸ் நல்லதா கெட்டதா என்று பாட்டிலை வைத்துச் சொல்ல முடியாது. எந்த நெருப்புக்கு, எப்போது பூசுவது என்பதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். நம் ஊர்க்காரர்கள் இதை எழுதிவைக்கவில்லையே தவிர நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். குச்சியில் குத்திச் சுடும் சாத்தேயைப் பாருங்கள். காஜாங்கில் வரிசை வரிசையாகச் சுடுகிறார்கள். அதன் கச்சான், அதாவது நிலக்கடலை, குழம்பை யாராவது இறைச்சிமேல் பூசிச் சுடுகிறார்களா? குழம்பு தட்டில்தான் வரும். சுடும்போது செராய் என்ற எலுமிச்சைப்புல் தண்டின் அடியை நசுக்கிப் பிரஷ் மாதிரி ஆக்கி எண்ணெய் மட்டும் தடவுவார்கள். இறைச்சியில் ஊறும் மசாலாவில் சீனி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துண்டு கட்டைவிரல் நகம் அளவு, கருகுவதற்குள் வெந்துவிடும், ஓரத்தில் கொஞ்சம் கருகினால்தான் சாத்தேயும்கூட.

சரி, எனக்குப் பிடித்த சாஸ்களுக்கு வருகிறேன். அமெரிக்காவிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது கான்சாஸ் சிட்டி சாஸ் அல்ல, அதைச் சாப்பிட்டு வளர்ந்த மாதிரி பேசும் என் தம்பி கோபித்துக்கொள்ளட்டும். வட கரோலினா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் ஒன்று செய்கிறார்கள். வினிகர், நொறுக்கிய காய்ந்த மிளகாய், மிளகு, உப்பு. தக்காளி கிடையாது. தண்ணீர் மாதிரி ஓடும். முழுப் பன்றியைத் தணலில் மெதுவாக வேகவைத்து, இறைச்சியைக் கொத்தி, இதைத் தெளித்துப் பிசைகிறார்கள். பன்றி சாப்பிடாத நேயர்கள் இந்த இடத்தில் தோலோடு சுட்ட வாத்தை நினைத்துக்கொள்ளுங்கள், நியாயம் ஒன்றுதான். கொழுப்பு நாக்கில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். இனிப்பு அதன்மேல் இன்னொரு படலம் போடும், புளிப்பு அதை வெட்டும். இரண்டாவது வாய்க்கு நாக்கு சுத்தமாகக் காத்திருக்கும்.

நான் இதைச் சீனர் கடை வெள்ளை வினிகரில் செய்து பார்த்தேன். மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்ட கிச்சாப் பாட்டிலில் ஊற்றி மூன்று நாள் வைத்தேன், மிளகாயின் சிவப்பு வினிகரில் இறங்கும் வரை. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் செம்பனைக்காய் தின்று கொழுத்த காட்டுப்பன்றி இறைச்சி கொடுத்திருந்தார். சுட்டு, கொத்தி, தெளித்து, ஒரு வாய் வைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. எனாமல் கோப்பை! புளிக்குப் பதில் வினிகர், பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாய். எந்தச் சம்பந்தமும் இல்லாத இரண்டு ஊரில் உழைக்கிறவர்கள் வீட்டில் ஒரே தண்ணீரைக் கலக்கியிருக்கிறார்கள்.

அதே மாநிலத்தில் மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் அதில் கொஞ்சம் தக்காளி கெச்சப் சேர்த்துவிடுவார்கள். இந்த ஒரு கரண்டி கெச்சப்புக்காக இரண்டு பக்கத்தாரும் சண்டை போடுவார்களாம், நாம் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று சண்டை போடுவது மாதிரி. தென் கரோலினாவில் கடுகு சாஸ், மஞ்சளாக இருக்கும், எனக்கு ஒத்துவரவில்லை. அலபாமாவில் பாப் கிப்சன் என்பவர் 1925-இல் மயோனீஸ், வினிகர், மிளகு போட்டு வெள்ளை சாஸ் ஒன்று செய்து, சுட்ட முழுக்கோழியை அதில் முக்கி எடுத்தார். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் கிளந்தானில் ஆயாம் பெர்ச்சிக் என்ற சுட்ட கோழிக்குத் தேங்காய்ப்பால் குழம்பு பூசுகிறார்களே, அதைச் சாப்பிட்டவர்களுக்கு விநோதமாகவே இருக்காது. கொழுப்பு காரத்தைத் தணிக்கும், கோழி வறண்டு போகாது.

கெச்சப் என்றேனே, ஒரு சின்ன விஷயம். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனதே நம் பக்கத்திலிருந்துதான் என்கிறார்கள். ஹொக்கியன் சீனர்கள் மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறை அந்த மாதிரி ஒரு பெயரில் அழைத்தார்கள். மலாயில் அது கிச்சாப் ஆகி சோயா சாறைக் குறித்தது, கப்பலேறிப் போனது கெச்சப் ஆகித் தக்காளியில் போய் நின்றது. இன்னொன்று, ஹைனான் சீனர் காப்பிக்கடையில் சிக்கன் சாப்புக்குக் கறுப்பாக ஊற்றுவார்களே வூஸ்டர்ஷயர் சாஸ், இங்கிலாந்தில் லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்துக்கடைக்காரர்கள் 1837-இல் விற்க ஆரம்பித்தது. அதன் லேபிளைப் படித்துப் பாருங்கள், நெத்திலி வகை மீனும் புளியும் இருக்கும். நம்முடைய புளிதான்! அமெரிக்க பாபிகியூ சாஸ் செய்முறைகளில் பல அதில் கொஞ்சம் சேர்க்கச் சொல்லும். ஆக, நம் கோப்பையில் இருந்தது அவர்கள் பாட்டிலுக்குள்ளும் ஒளிந்துகொண்டு இருக்கிறது.

மீனுக்கு வந்தால் எனக்கு ஆயர் அசாம் என்ற புளித்தண்ணீரை மிஞ்சியது எதுவும் இல்லை. கோல சிலாங்கூரில் பாசிர் பெனாம்பாங் பக்கம் மீன் வாங்கப் போவேன். திருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம். வாழையிலையில் சம்பல் தடவி மடித்துச் சுடுவது ஒரு வகை, இலை கருகுமே தவிர சம்பல் கருகாது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். ஆனால் தொட்டுக்கொள்ள ஆயர் அசாம் இல்லாவிட்டால் எனக்கு அது பாதி சாப்பாடுதான். இதைக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம். நான் முதல் தடவை புளியைக் கொதிக்கவைக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். “ஜாங்ஙான் மாசாக்”, சமைக்காதே என்றார். புளியைக் கரைத்து வடிகட்டி, சின்ன வெங்காயம், சிலி பாடி என்ற குட்டி மிளகாய் இரண்டையும் பச்சையாகவே பொடியாக நறுக்கிப் போட்டு, பிளாச்சான் என்ற இறால் விழுதைக் கரண்டி நுனியில் வைத்து நெருப்பில் காட்டி மணம் வந்ததும் அதில் கரைத்து, ஒரு சிட்டிகை சீனி, உப்பு, லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை இரண்டு பிழிந்துவிட வேண்டும். வெங்காயம் பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும், அதற்காகப் பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் போடுவது. எங்கள் அம்மா தண்ணீருக்குப் பிளாச்சான் போட்டால் இதுதான். அம்மாவிடம் சொன்னேன். “பிளாச்சான் நாத்தம் எனக்கு ஆகாது” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருவாட்டைச் சுட்டு ஊரை எழுப்பியவர் சொல்கிறார்!

கோழிக்கு மட்டும் நான் பூசுகிற சாஸ் வேண்டும் என்பேன், ஏனென்றால் கோழிக்குச் சொந்தமாக ருசி கம்மி. இப்போது பண்ணைக்கோழிக்கு அதுவும் இல்லை. தாரு பூசிய கதைக்குப் பிறகு பத்துப் பதினைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து ஒரு வழிக்கு வந்தேன். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது கிராம் புளி, ஒன்றரைக் கோப்பை சுடுதண்ணீரில் ஊறட்டும். காய்ந்த மிளகாய் பத்தை ஊறவைத்து, எட்டு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, விரல் நீள இஞ்சி, செராயின் வெள்ளைப் பகுதி ஒன்று சேர்த்து மைய அரையுங்கள். ஒரு கரண்டி மல்லியும் அரைக் கரண்டி மிளகும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடியுங்கள். மல்லி வெடிக்கிற சத்தம் கேட்டதும் இறக்கிவிட வேண்டும். அரைத்ததை எண்ணெயில் வதக்கி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கும்போது புளிக்கரைசலை ஊற்றி, பொடி, உப்பு போட்டு, சிறு தீயில் பத்து நிமிடம். கூலா மலாக்கா, அதாவது தென்னை வெல்லம், அறுபது கிராம் சீவி வைத்துக்கொண்டு, அது கடைசியில். கரைந்து இன்னும் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால் பதம் வந்துவிட்டது.

இந்தப் பதத்தில் ருசி பார்க்கும்போது புளிப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும். “ஐயோ, புளிக்குதே” என்று பயந்து சீனியை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். நெருப்பில் போனதும் கோழிக்கொழுப்பு வந்து சேரும், இனிப்பு தடிக்கும், புளிப்பு பின்வாங்கும். சட்டியில் சரியாக இருந்தால் கோழியில் இனிப்பாகத்தான் இருக்கும்.

சாஸை இரண்டு கிண்ணத்தில் பிரித்துவிடுங்கள். ஒன்று பூசுவதற்கு, இன்னொன்று மேசைக்கு. பிரஷ் பட்ட கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள், அந்தப் பிரஷ் பச்சைக் கோழியைத் தொட்டது. மேசைக் கிண்ணத்தில் மட்டும் லிமாவ் கஸ்தூரி பிழியலாம்.

கோழிக்கு முந்தைய நாள் உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் மட்டும். சீனி ஒரு துளிகூட வேண்டாம். தொடையை எலும்பு வரை இரண்டு கீறல் போடுங்கள். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் காலியாக விட்டு, முதல் இருபத்தைந்து நிமிடம் கோழி காலிப் பக்கத்தில்தான். மேலே ஒரு தகர மூடியைக் கவிழ்த்துவிட்டால் நல்லது. பிறகு தணல் பக்கம் நகர்த்தித் தோலை மொறுமொறுப்பாக்கி, கடைசிப் பத்து நிமிடத்தில்தான் சாஸ். மெல்லிசாக ஒரு பூச்சு, திருப்பு, இன்னொரு பூச்சு, திருப்பு. மூன்றாவது பூச்சில் தோல் பளபளவென்று ஆகும், ஓரத்தில் ஒன்றிரண்டு முத்துமுத்தாகக் குமிழி வரும். எடுத்துவிடுங்கள். அப்போது யாராவது ஒருவர் வந்து “இன்னும் கொஞ்சம் பூசுங்க ஆண்ட்டி” என்பார். கேட்காதீர்கள்.

கரியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அப்பா கனவில் வந்து திட்டுவார். பெட்டியில் வரும் அச்சுக்கரி சீக்கிரம் பிடிக்கும், ஆனால் எரிபொருள் ஊற்றிய வகை என்றால் அந்த மணம் கோழியில் ஏறிவிடும், எந்த சாஸாலும் மறைக்க முடியாது. நான் வாங்குவது பாக்காவ் கரி, சதுப்பு நில மரத்தில் செய்தது. பேராவில் கோல செபெத்தாங் பக்கம் இக்லூ மாதிரி களிமண் சூளைகளில் போடுகிறார்கள். அந்த மாத்தாங் காட்டில் ஒரு மரத்தை வெட்ட முப்பது வருடம் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை பற்றிக்கொண்டால் நிதானமாக நிற்கும், பொறி கிளப்பாது. சிரட்டைக்கரி சூடு அதிகம், மீனுக்கு நல்லது. எது போட்டாலும் மேலே சாம்பல் பூத்து, புகை நீலமாகிற வரை பொறுக்க வேண்டும்.

பாட்டில் சாஸ் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. வேலை முடிந்து வந்து அம்மி அரைக்க யாருக்கு நேரம்? லேபிளில் முதலில் எழுதியிருப்பதுதான் அதில் அதிகம் இருப்பது. முதல் பெயர் சீனியாகவோ சோளச் சிரப்பாகவோ இருந்தால், ஒரு கோப்பை சாஸுக்கு மூன்று கரண்டி கெட்டிப் புளிக்கரைசல், ஒரு கரண்டி அரைத்த மிளகாய், கொஞ்சம் வறுத்த மல்லி போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், பாதிக் கிணறு தாண்டிவிடலாம். ‘புகை மணம்’ என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது விறகுப் புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடித்த சாறுதான். இரண்டு சொட்டுக்கு மேல் போனால் புகைக்கொட்டகைக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கும். அது எனக்கு வேண்டுமானால் பிடிக்கலாம், உங்களுக்குப் பிடிக்காது.

நேரம் ஆகிவிட்டது, தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் இங்கிருந்து நேராக புக்கிட் ரோத்தானுக்குப் போக வேண்டும், ஒரு பிறந்தநாள் வீடு, அறுபது தொடை. என் மருமகன் டிரம்மை ஏற்றிக்கொண்டு முன்னாலேயே போய்விட்டார், இந்நேரம் தணல் போட்டிருப்பார். சாஸ் வாளியை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை, என் காரில்தான் இருக்கிறது. கொடுத்திருந்தால் இப்போதே பூச ஆரம்பித்திருப்பார். வருகிறேன், வணக்கம்.